கலம் தொண்ணூற்றைந்து

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஆகஸ்ட் மாதத்திலும் டிசம்பர் மாதத்திலும் சில சாமான் பட்டியல்களைக் கடைக்காரர்கள் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். குழம்புப்பொடி ஒரு கிலோ, நல்லமிளகு கால் கிலோ, புட்டுமாவு, குடம்புளி, நேந்திரங்காய் உப்பேரி, மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, அதற்கு உபரியாக ஒரு கேஸ்கட். ஒரே பட்டியலில் குக்கரும் கேஸ்கட்டும் குழம்புப்பொடியும் இருந்தால் வீட்டில் யாரோ படிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். ஆரியசாலை முக்கிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு பலசரக்குக் கடையில் நின்றபோது கேட்ட பேச்சு இது.

"எந்த ஊருக்கு மக்களே?"

"ஜெர்மனி, அண்ணாச்சி."

"அங்க நீயே பொங்கித் திங்கணுமா?"

"ஆமா. ரூமில நாங்க நாலு பேரு."

கூட வந்த அம்மா இடையில் புகுந்தார். "பொடியை ரெண்டு கவர் போட்டுக் கெட்டுங்க அண்ணாச்சி, பெட்டிக்குள்ள சிந்தப்பிடாது." அண்ணாச்சி இரண்டு கவர் போட்டு, வாயை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டி, அதன் மேல் நாடாவும் சுற்றினார். அந்த அம்மா ஒவ்வொரு பொட்டலத்தையும் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்ற கணக்கு அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

எந்தப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு என்று அண்ணாச்சி கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு என்ன வழி என்றுதான் கேட்டார். அயலூரில் போய்ப் படிக்கிறவனைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பதற்கு இந்த வட்டாரத்திடம் மிகப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும்.

ஆரியசாலை, அதையடுத்து வலியசாலை, இரண்டையும் தொட்டுக்கொண்டு சாலைக் கடைத்தெரு. திருவனந்தபுரம் கிழக்கேக்கோட்டைக்கும் கிள்ளிப்பாலத்துக்கும் இடைப்பட்ட சிறிய நிலப்பரப்பில் மூன்று 'சாலை'கள். திவான் ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சந்தையை நிறுவினார்; தமிழ் வணிகர்கள் வந்து குடியேறினார்கள்; இன்றும் கடைப்பேச்சில் பாதி தமிழ். 'சாலை' என்றால் இன்று நமக்கு ரோடு. பழைய வழக்கில் அது பலர் கூடி உண்டு தங்கும் இடம். அறச்சாலை, பாடசாலை, வைத்தியசாலை என்ற சொற்களில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. வலியசாலை மகாதேவர் கோயிலைக் காந்தளூர்க் கோயில் என்றே மக்கள் சொல்கிறார்கள். ராஜராஜ சோழனின் கல்வெட்டுகளில் அவனுடைய நான்காம் ஆட்சியாண்டு முதல் முதற்புகழாக வரும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்பது உள்ளூர் மரபு. அந்தச் சாலை விழிஞ்சம் கடற்கரையை ஒட்டி இருந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. இரண்டு இடங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தான்.

காந்தளூர்ச் சாலையைப் பற்றிப் பேசவந்தவர்கள் பெரும்பாலும் போரைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். சோழன் அங்கே 'கலம் அறுத்தான்' என்கிறது மெய்க்கீர்த்தி. அறுக்கப்பட்ட கலம் எது? மரக்கலம் என்று கொண்டு, சேரனுடைய கப்பல்களை அழித்தான் என்று ஒரு சாரார் எழுதினார்கள். உண்கலம் என்று கொண்டு, சாலையில் நடந்துவந்த ஊட்டுமுறையை நிறுத்தினான் என்றும், பங்குகளை வரையறுத்தான் என்றும் வேறு சிலர் எழுதினார்கள். நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்து, திருவனந்தபுரத்தில் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, 'காந்தளூர்ச் சாலை' என்று தனி நூலே எழுதினார். வேதத்தோடு ஆயுதப் பயிற்சியும் தந்த நிலையம் அது என்று வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் விளக்கினார். இந்த விவாதத்தில் கப்பலுக்கும் படைக்கும் கிடைத்த கவனம் அங்கே தங்கிப் படித்த பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். அவர்கள் எத்தனை பேர், எந்தத் தகுதியில் சேர்ந்தார்கள், எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதைச் சொல்லும் ஆவணம் நம் கையில் இருக்கிறது.

அது ஒரு செப்பேட்டுத் தொகுதி. திருவனந்தபுரத்தில் ஹஜூர் கச்சேரியில் வெகுகாலம் இருந்ததால் ஹஜூர் செப்பேடுகள் என்றும், அது குறிக்கும் கோயிலை வைத்துப் பார்த்திவசேகரபுரம் செப்பேடுகள் என்றும் பெயர். வட்டெழுத்தில் பொறித்தது. திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் து.அ. கோபிநாத ராவ் அதைப் பதிப்பித்தார். நாள் ஐயத்துக்கு இடமில்லாமல் கொடுக்கப்பட்டிருக்கிறது: கலி பிறந்து 14,49,087ஆம் நாள். கணக்கிட்டால் கி.பி. 866 ஜூலை 8. ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடம் வேறு நிலம் கொடுத்து மாற்றாக ஓரிடத்தை வாங்கி, அங்கே விஷ்ணு கோயில் எடுத்து, அதனோடு ஒரு சாலையும் வைத்தான். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்குப் பக்கத்தில் உள்ள பார்த்திவபுரம் கோயில் அதுதான். சாலை எந்த முறையில் நடக்கவேண்டும்? செப்பேடு 'காந்தளூர் மரியாதை'ப்படி என்கிறது. அதாவது காந்தளூர்ச் சாலை அன்றைக்கே மற்றவர்கள் பார்த்து நடக்கும் மாதிரி. ஆகவே பார்த்திவபுரத்து விதிகளைப் படிக்கும்போது காந்தளூரின் விதிகளையும் சேர்த்தே படிக்கிறோம்.

அந்தச் சாலையில் 95 பேருக்கு இடம். பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரிய சரணத்தாருக்கு 36, தலவகார சரணத்தாருக்கு 14. சரணம் என்பது வேதத்தின் எந்தக் கிளையை ஓதுகிறார்கள் என்ற பிரிவு. இந்த இடங்களைச் செப்பேடு எந்தச் சொல்லால் எண்ணுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். 'கலம்' என்கிறது. கலம் நாற்பத்தைந்து, கலம் முப்பத்தாறு, கலம் பதினாலு.

நாம் கல்லூரியில் 'சீட்' கிடைத்தது என்கிறோம். உட்காரும் இடத்தை வைத்து மாணவனை எண்ணுகிறோம். அவர்கள் உண்ணும் கலத்தை வைத்து எண்ணினார்கள். ஒருவனைச் சேர்த்துக்கொள்வது என்றால் அவனுக்கு முன்னால் ஒரு கலம் வைப்பது. அந்தக் கலத்தில் தினமும் சோறு விழுவதற்கு வேண்டிய நிலத்தை எழுதிவைப்பது. சேர்க்கையும் சாப்பாடும் இரண்டு தனிச் செயல்களாக அங்கே இல்லை. இந்தச் சொல்லாட்சியைப் பார்த்த பிறகு, காந்தளூரில் அறுக்கப்பட்டது உண்கலம் என்ற கருத்தின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. கப்பல் வாதத்துக்கும் பலம் உண்டு. ஆனால் சாலையோடு சேர்ந்து வரும் கலத்துக்கு அதே வட்டாரத்துச் செப்பேடு தரும் பொருளை விட்டுவிட்டு வேறு பொருளைத் தேடவேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

மாணவருக்குப் பெயர் சட்டர். 'சாத்ர' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. வருகிற எல்லாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. வியாகரணமும் மீமாம்சையும் புரோகிதமும் தெரிந்திருக்கவேண்டும். கூடவே 'திரைராஜ்ய வியவகாரம்', அதாவது சேர சோழ பாண்டிய மூன்று நாட்டு நடைமுறையும் அறிந்திருக்கவேண்டும். இந்தக் கடைசித் தகுதியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். ஆய் நாட்டின் ஒரு மூலையில் இருந்த கோயிற்பள்ளி, மூன்று அரசுகளின் வழக்கமும் தெரிந்தவனைக் கேட்கிறது. அங்கே படித்தவர்கள் எல்லை கடந்து போய் வேலை பார்க்கப்போகிறவர்கள், அல்லது எல்லை கடந்து வந்தவர்கள் என்று கொள்ளாமல் இந்த விதிக்கு அர்த்தம் சொல்ல முடியாது. இன்று விசா என்று ஒன்று இருப்பதால் வெளிநாடு என்பதை நாம் கடலோடு சேர்த்தே நினைக்கிறோம். 9ஆம் நூற்றாண்டில் ஒருவனுக்குச் சோழ நாடே வெளிநாடு.

இனி ஒழுக்க விதிகள். ஒரு சட்டர் இன்னொரு சட்டரை வைதால் தண்டம். ஆயுதத்தால் காயப்படுத்தினால் அதைவிடக் கடுமையான தண்டம். சபை கூடும்போது ஆயுதத்தோடு வரக்கூடாது. வெள்ளாட்டிகளை, அதாவது பணிப்பெண்களை, சாலையில் வைத்துக்கொள்ளக்கூடாது. ஒரு விதி எழுதப்படுகிறது என்றால் அதற்கு முன்பே அந்தத் தவறு நடந்திருக்கிறது. 95 இளைஞர்கள், மூன்று பிரிவுகள், ஒரே சமையல். இடுப்பில் ஆயுதம் வேறு. யார் முதலில் உட்காருவது, யார் சரணம் உயர்ந்தது என்று வாய்ச்சண்டை தொடங்கிக் கைகலப்பில் முடிந்த இரவுகள் காந்தளூரில் பல இருந்திருக்கும். ஹாஸ்டல் வார்டனாக இருந்தவர்களுக்கு இந்த விதிகளைப் படித்தால் புதிதாக எதுவும் தோன்றாது. வேதம் ஓதிய புனிதர்களாகவும் வாள் பிடித்த வீரர்களாகவும் வரலாற்று நூல்கள் காட்டிய சட்டர்களை, வீட்டைவிட்டு வந்து ஒரே கூரையின்கீழ் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளக் கற்ற பிள்ளைகளாக இந்த நாலு வரிகள்தான் காட்டுகின்றன.

சாப்பாட்டின் அளவு பார்த்திவபுரத்தைவிடத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் தெளிவாக இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்தில், கி.பி. 1025 அளவில், 340 மாணவர்களுக்குப் பள்ளி நடந்தது. வேதம் முதலியன ஓதும் இளையவர் 270 பேருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். வியாகரணம் 25 பேர், பிரபாகர மீமாம்சை 35 பேர், வேதாந்தம் 10 பேர் என்று மேற்படிப்பில் இருந்த 70 பேருக்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு இன்னும் நெருக்கமாகப் போகிறது. மாணவர் படுக்கப் பாய், இரவில் எரிய விளக்கெண்ணெய், சமைக்க ஆள், சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கீடு. காய்ச்சல் வந்தால் பார்க்கப் பக்கத்திலேயே 15 படுக்கையுள்ள ஆதுலர் சாலை; மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், பணிவிடைக்குப் பெண்கள். வீட்டில் அம்மா சனிக்கிழமை பிடித்து உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் வைப்பாள். அந்த எண்ணெய்க்குக் கல்லில் வரவுசெலவு எழுதிய ஓர் அரசாங்கம் இருந்தது. இந்த ஒரு வரிக்காகவே திருமுக்கூடல் கல்வெட்டு எனக்குப் பிடித்தமானது.

இதையெல்லாம் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கம் அல்ல. காட்டவும் முடியாது. அந்த 95 கலங்களும் வேதம் ஓதும் பிராமண ஆண்களுக்கு மட்டும். பெண்களைப் பற்றி விதிகள் பேசுவது வெள்ளாட்டி என்ற ஓரிடத்தில்தான். அதுவும் உள்ளே வரக்கூடாது என்பதற்காக. கலத்தில் விழுந்த சோற்றை விளைவித்தவர்களின் பிள்ளைகள் அந்த வாசலை மிதித்திருக்க முடியாது. அந்தக் கதவு எவ்வளவு காலம் சாத்தியிருந்தது என்பதற்கும் இதே வட்டாரத்தில் சாட்சி உண்டு. செப்பேட்டுக்கு ஆயிரம் ஆண்டு கழிந்து, 1914இல், நெய்யாற்றின்கரைப் பக்கம் ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற புலையச் சிறுமியை அய்யங்காளி கைபிடித்து அழைத்துப்போனார். அவள் உட்கார்ந்த பெஞ்சோடு பள்ளியை ஆதிக்கச் சாதியினர் எரித்தார்கள். எரிந்துபோன பெஞ்சின் மிச்சத்தை அந்தப் பள்ளி இன்றைக்கும் வைத்திருக்கிறது. படிக்கப் போகும் தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்கிறவர்கள் அந்த மரத்துண்டை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

திருவனந்தபுரம் பிற ஊர்ப் பிள்ளைகளை வரவேற்ற ஊர் மட்டுமல்ல, தன் பிள்ளைகளை அனுப்பிய ஊரும்கூட. அப்படிப் போனவர்களில் தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த பெயர் செண்பகராமன் பிள்ளை. நாஞ்சில் நாட்டு வேளாளக் குடும்பம், 1891 செப்டம்பர் 15 அன்று இந்த ஊரில் பிறப்பு, அப்பா போலீஸ்காரர். மாதிரிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையனுக்கு, உயிரினங்களைத் தேடித் திரிந்த சர் வால்டர் ஸ்டிரிக்லண்ட் என்ற ஆங்கிலேயரின் பழக்கம் கிடைத்தது. 1908இல் அவரோடு கப்பலேறினான். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலோடு செண்பகராமனைச் சேர்த்துச் சொல்லும் கதைகளை நான் இங்கே தொடவில்லை. மாணவனாக அவர் போன விதம்தான் இங்கே வேண்டியது.

கூடப் புறப்பட்டவன் உறவுக்காரப் பையன் பத்மநாபன். கப்பல் கொழும்பை அடைந்ததும் அவன் இறங்கி ஊருக்குத் திரும்பிவிட்டான். செண்பகராமன் மேலே போனான். ஆஸ்திரியாவில் பள்ளி, 1910 முதல் 1914 வரை சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல். இந்த இரண்டு பையன்களையும் நான் சேர்த்தே நினைக்கிறேன். போனவனுக்குச் சிலை இருக்கிறது. திரும்பியவனைப் பற்றி ஒரு வரிக்கு மேல் யாரும் எழுதவில்லை. ஆனால் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய எந்த வீட்டிலும் கேட்டுப்பாருங்கள்: விமான நிலையத்துக்குள் போனபிறகு, முதல் வாரத்தில், முதல் பனிக்காலத்தில், மனம் கொழும்பில் இறங்கிவிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். திரும்பிவர வழியில்லாததால் மட்டுமே அங்கே இருக்கிறார்கள்.

செண்பகராமனுக்கும் திரும்ப வழியில்லாமல் போயிற்று. 1914இல் சூரிச்சில் சர்வதேச இந்திய ஆதரவுக் குழுவைத் தொடங்கினார், போர் மூண்ட அதே ஆண்டில் பெர்லின் போனார், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக வேலை செய்தார். 1934 மே 26 அன்று பெர்லினில் காலமானார். அவருக்குக் கலம் வைத்தது ஒரு தனி மனிதரின் பரிவு. தன் நாட்டு அரசோ போன நாட்டு அரசோ அந்த மாணவனுக்குப் பொறுப்பேற்கவில்லை. மனைவி லட்சுமிபாய் அவரது அஸ்தியை 32 ஆண்டுகள் காப்பாற்றிவைத்து 1966இல் இந்தியக் கடற்படைக் கப்பலில் கொண்டுவந்தார். அஸ்தியில் ஒரு பங்கைக் கரமனை ஆற்றில் கரைக்கவேண்டும், ஒரு பங்கை நாஞ்சில் நாட்டு வயல்களில் தூவவேண்டும் என்பது அவர் கேட்டுக்கொண்டதாகப் பதிவாகியிருக்கும் ஆசை. ஆரியசாலையிலிருந்து கரமனை ஆறு நடக்கிற தூரம்தான்.

இதற்கிடையே எல்லையே நகர்ந்த கதையும் உண்டு. நாகர்கோவில், தக்கலை, குழித்துறைப் பிள்ளைகளுக்குப் பல தலைமுறைகளாகக் கல்லூரி என்றால் திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதே பஸ், அதே வழி, அதே கல்லூரி. ஆனால் மாணவன் வேற்று மாநிலத்தவன் ஆகிவிட்டான்.

இப்போது 2023க்கு வருகிறேன். இதே நகரத்திலிருந்து பேராசிரியர் எஸ். இருதயராஜன் முன்னின்று நடத்திவரும் கேரளப் புலம்பெயர்வு ஆய்வின் கணக்குப்படி, கேரளத்திலிருந்து வெளிநாட்டில் படிக்கும் மாணவர்கள் 2018இல் 1,29,763. 2023இல் ஏறக்குறைய இரண்டரை லட்சம். ஐந்தே ஆண்டில் இரண்டு மடங்கு. வெளிநாட்டிலிருக்கும் 22 லட்சம் கேரளத்தவரில் 11.3 சதவீதம் மாணவர்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பெண்கள். காந்தளூரின் விதி எழுதியவர்கள் நினைத்தே பார்த்திராத மாற்றம் இது, மனசார வரவேற்கிறேன்.

ஆனால் கலத்தின் கணக்கு தலைகீழாகிவிட்டது. ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் 'பிளாக்ட் அக்கவுண்ட்' என்று சொல்வதை அடிக்கடி கேட்கலாம். ஓர் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டு முடக்கிவைக்கவேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோ என்று அவன் பணத்தையே அவனுக்கு அளந்து கொடுப்பார்கள். கனடாவில் இதையே 'ஜிஐசி' என்ற வைப்புக் கணக்காகக் காட்டலாம். 2023 முடியும்வரை 10,000 கனடிய டாலராக இருந்த வாழ்க்கைச் செலவுக் கணக்கு 2024 ஜனவரியில் 20,635 ஆயிற்று. 2025 செப்டம்பரில் 22,895. உன் கலத்தை நீயே நிரப்பி எடுத்துக்கொண்டு வா, நிரம்பியிருக்கிறதா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் இன்றைய சாலைகளின் விதி.

வேலை நேரத்துக்கும் அளவு உண்டு. பிரிட்டனில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். கனடாவில் 2024 நவம்பர் முதல் 24. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. மாணவனின் நாள் இந்த எண்ணைச் சுற்றியே ஓடுகிறது. காலை வகுப்பு, மாலை ஷிப்ட், இரவு பதினொரு மணிக்கு அறைக்கு வந்தால் அன்று யாருடைய சமையல் முறை என்ற கேள்வி. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் நாலு பேர் பெயர். யார் பாத்திரம் கழுவாமல் போனது, யார் மற்றவன் வாங்கிய பாலைக் குடித்தது, ஹீட்டரை யார் அணைக்காமல் விட்டது. சட்டர்களின் சண்டைகள் எதற்காக நடந்திருக்கும் என்று யோசிக்கையில் எனக்கு இந்தத் தாள்தான் கண்முன் வருகிறது. வித்தியாசம் என்னவென்றால், அன்று சண்டையைத் தீர்க்கச் சபை இருந்தது, தண்டம் எவ்வளவு என்று செப்பேட்டில் இருந்தது. வாடகை வீட்டில் நாலு பேருக்குள் மனக்கசப்பு வந்தால் இன்று ஒருவன் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு அறை தேடவேண்டும். முன்பணம் திரும்பி வராது.

இந்தச் சோற்றுக்கு அடியிலும் நிலம்தான் இருக்கிறது. அன்று அரசன் எழுதிவைத்த வயல் மாணவனுக்குச் சோறு போட்டது. இன்று வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் ஈடு கேட்பார்கள். ஈடு என்று கொடுக்க நம் வீடுகளில் இருப்பது வீட்டுப் பத்திரம், அல்லது ஊரில் தாத்தா விட்டுப்போன பத்து சென்ட். பிள்ளை அங்கே வாங்கும் ஒவ்வொரு ரொட்டியின் பின்னாலும் இங்கே ஒரு பட்டா வங்கிப் பெட்டகத்தில் கிடக்கிறது. அது பிள்ளைக்கும் தெரியும். காய்ச்சல் வந்தாலும் வேலைக்குப் போவதும், பேசும்போது "சாப்டாச்சு அம்மா" என்று சொல்வதும் அதனால்தான்.

ஆபத்து வந்தபோது மட்டும் இந்தப் பிள்ளைகள் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். 2020 ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் கோவிட் நோயாளியாகத் திருச்சூரில் உறுதிசெய்யப்பட்டவர் வூஹானிலிருந்து திரும்பிய மருத்துவ மாணவி. 2022இல் உக்ரைனில் பதுங்கறைகளிலும் எல்லைச் சாவடிகளிலும் நின்ற மருத்துவ மாணவர்களைப் பார்த்து, இத்தனை பேர் அங்கே படித்தார்களா என்று நாடே திகைத்தது. அவர்கள் அதற்கு முந்தைய நாலைந்து வருடம் என்ன சாப்பிட்டார்கள், எங்கே தூங்கினார்கள் என்று நாம் கேட்டிருந்தோமா?

ஆரியசாலையிலிருந்து தைக்காடு பக்கம்தான். அங்கே வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கான நோர்க்கா அலுவலகத்தில் சான்றிதழுக்கு முத்திரை வாங்க இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பட்டச் சான்றிதழ் உண்மையானது என்று உறுதிசெய்யும் ஏற்பாடு நம்மிடம் நன்றாக இருக்கிறது. போய்ச் சேரும் இடத்தில் அவனுக்குக் கூரையும் அடுப்பும் இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடும் அதே அக்கறையோடு வேண்டும். அனுப்புகிற ஏஜென்சிகள் கட்டண விவரத்தோடு, அந்த நகரத்தில் ஓர் அறைக்கு உண்மையில் என்ன வாடகை, மாணவர் விடுதியில் இடம் கிடைக்க எத்தனை மாதம் காத்திருக்கவேண்டும் என்பதையும் எழுதித் தரவேண்டும் என்று அரசு விதி செய்யலாம். 866இல் கருநந்தடக்கனால் 95 கலத்துக்குக் கணக்கு எழுத முடிந்தது.

இன்னொரு கோரிக்கை வீடுகளுக்கு. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய மாணவனின் நாளைப் பற்றி நம்மால் இவ்வளவு பேச முடிவது, யாரோ அதைச் செம்பிலும் கல்லிலும் எழுதிவைத்ததால்தான். இன்று போகும் இரண்டரை லட்சம் பேரின் நாட்கள் வாட்ஸ்அப் குரல்பதிவில் வந்து, போன் மாற்றும்போது அழிந்துபோகின்றன. முதல் மாதச் செலவை எழுதிய நோட்டு, நாலு பேர் சமையல் முறை எழுதிய தாள், அரிசி எங்கே மலிவு என்று மூத்த மாணவர் இளையவருக்கு எழுதிய குறிப்பு, அம்மா சாலைக் கடைத்தெருவுக்கு எடுத்துப்போன அந்தச் சாமான் பட்டியல்: இவை எல்லாமே ஆவணங்கள். கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையும் திருவனந்தபுரம் தமிழ்ச் சங்கமும் இவற்றைச் சேர்க்கத் தொடங்கவேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். தேதியும் ஊரும் எழுதி எடுத்துவையுங்கள்.